தாஹூனா முக்கில் ஏழு ஆணி

இப்போதெல்லாம் ஜனங்களிடம் உள்ளதைச் சொல்லிப் பாருங்கள். "ரோட்டைக் கடக்கும்போது போனை நோண்டாதே தம்பி" என்று சொல்லுங்கள். "உன் வேலையைப் பாரு கிழவா" என்பான். அதே தம்பியிடம், "இந்த ரோட்டில் ஒரு பேய் உட்கார்ந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். போன் பைக்குள் போய்விடும். செருப்பு கைக்கு வந்துவிடும். "எந்தப் பக்கமா பெரியப்பா?" என்று கேட்பான். மரியாதை எங்கிருந்து வருகிறது பாருங்கள்.

போன கோடையில் எங்கள் தாஹூனா முக்கில் அப்படித்தான் ஊரே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. மன்சூரா நகரம் முழுக்க இருந்து வந்தார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டிராக்டரில் வந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வந்தார்கள், பிள்ளை அதிகமாகிப் போனவர்களும் வந்தார்கள். பரீட்சையில் தோற்றவன், மாமியாரிடம் தோற்றவள், மூலநோய்க்காரன் எல்லாரும் வரிசையில் நின்று, தார் ரோட்டில் குனிந்து, ஒரு ஆணியைத் தொட்டு, விரலை முத்தமிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆமாம், ஆணிதான். நாலங்குல இரும்பு ஆணி.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒருவன் அடிபட்டுச் செத்தால், ரத்தம் விழுந்த இடத்தில் அவனுடைய அஃப்ரீத் எழுந்து நிற்கும், போகிற வருகிறவர்களைப் பிடித்துத் தள்ளும் என்பார்கள். புது ஆணி ஒன்றை அந்த இடத்தில் அடித்துவிட்டால் பேய் எழாது. என் அப்பா அடித்திருக்கிறார், அவருடைய அப்பாவும் அடித்திருக்கிறார். ஒரு ஆணி, ஒரு சுத்தியல், நாலு போடு. அப்புறம் வீட்டுக்குப் போய் வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பாடு. அதற்குப் பந்தலும் மைக்செட்டும் சாம்பிராணியும் வந்தது ஷேக் ஷந்தவீல் வந்த பிறகுதான்.

ஷேக் என்பது அவனே தனக்கு வைத்துக்கொண்ட பட்டம். பள்ளிவாசல் இமாமிடம் விசாரித்தேன். "அந்த ஆளு ஒரு வரியாவது ஒழுங்கா ஓதி நான் கேட்டதில்ல" என்றார். ஆனால் குரல் இருந்தது. தாடி இருந்தது. பச்சைத் தலைப்பாகை இருந்தது. எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

நான் யார் என்று கேட்பீர்கள். பெயர் மெத்வல்லி. முப்பத்தோரு வருஷம் இந்த ஊரில் மைக்ரோபஸ் ஓட்டினவன். நாலாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் நானும் மனஸ்தாபம் இல்லாமல் பிரிந்துவிட்டோம். வயதாகிவிட்டது என்று லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து முக்குக்கு எதிரே கினாவியின் டீக்கடையில்தான் என் பகல் போகிறது. தலை நரைத்ததால் ஹாஜியார் என்று கூப்பிடுகிறார்கள். நான் மக்காவுக்குப் போனதில்லை. போனதில்லை என்று சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். இனாமாகக் கிடைப்பதால் விட்டுவிட்டேன்.

அந்த முக்கின் கதை இவ்வளவுதான். தாஹூனா என்றால் மாவு ஆலை. பழைய ஆலை ஒன்று மூலையில் நிற்கிறது. முன்பெல்லாம் ஆலைச் சுவரை ஒட்டி நடைபாதை பெட்டி மாதிரி நேராக வந்து திரும்பும். வண்டிக்காரன் முதல் கியருக்கு இறங்கித்தான் திருப்ப முடியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நகராட்சிக்கு ஒரு யோசனை வந்தது. நடுஊர்க் கடைத்தெருவுக்கு வண்டிகள் சீக்கிரம் போய்ச் சேரவேண்டுமாம். மூலை நடைபாதையைத் தர்பூசணித் துண்டு மாதிரி வளைத்து வெட்டி எடுத்தார்கள். ரோடு மைதானம் போல அகன்றது. எல்லாரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து மூன்றாவது கியரிலேயே திருப்புகிறான்கள்.

முதல் வருஷம் பருப்பு வியாபாரி ஸஅதாவி செத்தான். அவன் ரத்தம்தான் அங்கே விழுந்தது. அப்புறம் ரெண்டு சைக்கிள், ஒரு கழுதை வண்டி. அந்தக் கோடைக்கு முந்தின வசந்தத்தில் ரீஹாம். ஒன்பது வயதுப் பெண். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அம்மாவின் வண்டிக்கு ஓடிப் போகும்போது ஒரு ஆட்டோ இடித்து, கால் ரெண்டு இடத்தில் முறிந்தது.

அவள் அம்மா கவ்கப், ஆலைச் சுவரோரம் தள்ளுவண்டியில் தாமியா போடுகிறவள். ஊறவைத்த மொச்சையைக் கீரையோடு அரைத்து, பச்சையாகத் தட்டி, எண்ணெயில் போட்டால் சிவந்து வருமே, அந்த வடை. புருஷன் வேலை தேடி லிபியாவுக்குப் போனவன் தேடிக்கொண்டே இருக்கிறான். அந்த ஆறடி இடமும் ஒரு வாணலியும்தான் அவளுக்கும் மூன்று பெண்களுக்கும் ஆதாரம்.

விபத்துக்குப் பிறகு நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஜினியரம்மா வந்தாள். பெயர் நிர்மீன். கையில் சுண்ணாம்புக்கட்டி, கழுத்தில் விசில், தலையில் வெயில். டீக்கடையில் கூட்டம் போட்டு, சுருட்டின காகிதத்தை விரித்துக் காட்டினாள்.

"மூலையை மறுபடி வெளிய கொண்டு வரணும். ரோட்டு வாய் குறுகினா வேகம் குறையும். கடக்கிற இடத்தை நடைபாதை உசரத்துக்கு ஏத்தணும். முக்குல கடை வச்சிருக்கிறவங்க கையெழுத்துப் போட்டா வேலையை ஆரம்பிக்கலாம்."

"ரோட்டைச் சுருக்கவா?" என்றான் கினாவி. "உலகத்துல எல்லாரும் அகலமாக்குறான். நீ சுருக்க வந்திருக்கியே தாயி. என் கடைக்கு வர்றவன் காரை எங்க நிறுத்துவான், என் மடியிலயா?"

நானும் சும்மா இருக்கவில்லை. "இந்தக் காகிதம் வந்த ஆபீஸ்லருந்துதானே அந்த வெட்டுற காகிதமும் வந்துச்சு?" என்றேன்.

"ஆமா பெரியப்பா. அது தப்பு. அதான் வந்திருக்கேன்."

தப்பு என்று ஒத்துக்கொண்ட அரசாங்க ஆளை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். அதனாலேயே சந்தேகம் கூடிவிட்டது.

ஒரே ஒரு ஆள்தான் அந்தக் காகிதத்தில் கை வைத்தாள். கவ்கப். எழுதத் தெரியாது, எண்ணெய்ப் பெருவிரலைப் பதித்தாள். இன்ஜினியரம்மா அந்த ஒற்றை ரேகையோடு ஆபீஸுக்குத் திரும்பினாள்.

அடுத்த வாரம் வந்தான் ஷந்தவீல். அவன் காகிதம் விரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினான்.

"இந்த மண்ணுல ஒருத்தன் முழிச்சிட்டிருக்கான்" என்றான்.

அவ்வளவுதான். ஊர் விழுந்துவிட்டது.

ஏழு வெள்ளிக்கிழமை, ஏழு ஆணி. வஹ்பாவின் வாடகைப் பந்தல் வந்தது, சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற அதே சிவப்புத் துணிப் பந்தல். ஆலைச் சுவரிலிருந்து நடுரோடு வரைக்கும் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. போலீஸ்காரர் வந்து கேட்டார். அவர் மனைவிக்கு இடுப்பு வலி. ஆணியைத் தொட்டுவிட்டுப் போனார். ஷேக்கின் மச்சான் நீல நூலில் கோத்த குட்டி ஆணித் தாயத்து விற்றான். ஒரு மாதத்தில் மன்சூராவின் மைக்ரோபஸ் கண்ணாடிகளில் எல்லாம் அது தொங்கி ஆடியது.

சொன்னால் நம்புவீர்களோ இல்லையோ, விபத்து நின்றுவிட்டது.

நாலாவது வெள்ளிக்கிழமை ஷந்தவீல் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "ஒரு மாசம் ஆச்சு மக்களே. ஒரு பிரேக் சத்தம் கேட்டீங்களா?"

"இல்ல மௌலானா."

"ஒரு சொட்டு ரத்தம் பாத்தீங்களா?"

"இல்ல மௌலானா."

உண்மைதான். நானும் கேட்கவில்லை. எனக்குப் பிரேக் சத்தத்தை வைத்தே வண்டியின் வயதையும் டிரைவரின் புத்தியையும் சொல்லத் தெரியும். அந்த ஒரு மாதம் எனக்கு வேலையே இல்லை. ஆனால் வேறொரு சத்தம் கேட்டேன். ஆலைக்குப் பின்னால் வரும்போதே மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று ஒவ்வொருத்தனும் கியரை இறக்கினான். பேய்க்குப் பயந்து கியர் இறக்குகிற டிரைவரை முப்பத்தோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பயந்தால் ஏற்றுவான்.

இதெல்லாம் என்னோடு இருந்திருக்கும். கூட்டம் கூடினால் கினாவியின் டீ தண்ணீராகும் என்பதைத் தவிர எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆறாவது ஆணி அடித்த அன்று ஷேக் மறுபடி மூக்கை உறிஞ்சினான். அந்த மூக்கு கவ்கபின் வாணலிப் பக்கம் திரும்பியது.

"அவனை எழுப்பிவிடுறது இந்த எண்ணெய் வாசனைதான். பசியோட செத்தவன். பொரிக்கிற வாசனை வந்தா எழுந்திரிக்கிறான். அந்தப் புள்ளை காலு போனது ஏன்னு இப்பப் புரியுதா? ஏழாவது ஆணி இறங்குறதுக்குள்ள இந்த வண்டி இங்கருந்து போகணும். இல்லன்னா ஆறும் வீண்."

ஒரே கூட்டம், ஒரே தலை, ஒரே திசையில் திரும்பியது. முந்தின நாள்வரை அவளிடம் கடனுக்குச் சாப்பிட்டவன்தான் முதலில் கத்தினான்: "ரீஹாம் அம்மா, உனக்காக நாங்க சாகணுமா?"

மறுநாள் பார்க்கிறேன், ஷேக்கின் மச்சான் கவ்கபின் வண்டி நிற்கிற இடத்தைக் காலடி வைத்து அளக்கிறான்.

"என்னப்பா, பேயோட நீளமா?" என்றேன்.

"சாம்பிராணிக் கடை ஒண்ணு போடலாம்னு, ஹாஜியாரே" என்றான். கூச்சமே இல்லை.

கவ்கபிடம் போனேன். வாணலி அணைந்திருந்தது. மாவுப் பாத்திரத்தின் மேல் ஈரத்துணி.

"என்ன, இன்னைக்கு வடை இல்லையா?"

"பெரியப்பா, நெஜமாச் சொல்லுங்க." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "என் எண்ணெயாலதான் என் புள்ளைக்கு அப்படி ஆச்சா? அன்னைக்கு முதல் வாணலி வச்ச நேரம்தான். வாசனைக்குத்தான் அது ஓடி வந்துச்சு."

"உன் எண்ணெய்க்கு வயித்தெரிச்சல் வரும், பேய் வராது. வாணலியைப் பத்த வை."

"வெள்ளிக்கிழமைக்குள்ள போகச் சொல்றாங்க. எங்க போவேன்? எல்லா முக்குலயும் ஆள் இருக்கு."

ஏமாற்றுக்காரன் பணத்தைப் பிடுங்கினால் எனக்குச் சிரிப்பு வரும், கொடுக்கிறவன் கழுதை. ஆனால் பெற்றவள் தன் பிள்ளையின் காலைத் தானே முறித்ததாக நினைத்துக்கொண்டு அடுப்பை அணைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, நடுப்பகல். ஆகஸ்ட் வெயிலில் எங்கள் ஊர்த் தார் பாகு ஊற்றின பஸ்பூஸா ரவைக் கேக் மாதிரி இளகிக் கிடக்கும். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் மண்டியிட்டேன். முழங்கால் வலி என்று முனகிக்கொண்டே துண்டை விரித்தேன். ஆணிகள் கேக்கில் செருகின மெழுகுவர்த்தி மாதிரி வந்தன. ஆறும் என் பைக்குள் போயின.

எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் குனிந்து வெறும் ஓட்டையைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். "உடம்பெல்லாம் சிலிர்க்குது" என்றாள்.

பேய்க்கு விடுதலை கொடுத்துவிட்டு நான் போய் டீ குடித்தேன். புதன் போனது, வியாழன் போனது. ஓட்டைக்கு முத்தம் குறையவில்லை. விபத்தும் இல்லை.

வியாழக்கிழமை இன்ஜினியரம்மா மறுபடி வந்தாள், வண்டிகளை எண்ணுவதற்கு. என் மேஜையில் வந்து உட்கார்ந்து, போகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு போட்டாள்.

"கோடு போட்டா வண்டி நின்னுடுமா தாயி?"

"நிக்காது. ஆனா மெதுவாப் போகுது பெரியப்பா. பாதி வேகம்தான். அந்த ஆணியாலன்னு எல்லாரும் சொல்றாங்க."

நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பையைத் திறந்து காட்டினேன்.

அவள் ஆணிகளைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். பிறகு டீ புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"எப்ப எடுத்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்ப பாதிப் பரீட்சையை நீங்களே வச்சுட்டீங்க. ஆணி இல்ல, பந்தல் இருக்கு. விபத்து இல்ல. இன்னும் பாதி பாக்கி. ஆணி இருக்கணும், பந்தல் இருக்கக் கூடாது. என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

இரண்டு கோடு போட்டு நாலாம் வகுப்புக்காரனுக்குப் புரியும்படி ஒரு இன்ஜினியர் பேசியது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அஸர் தொழுகை முடிந்து, ஊர் முழுக்க நைல் கரைக்குக் காற்று வாங்கக் கிளம்பும் நேரம். பந்தலுக்குள் மூச்சு விட இடம் இல்லை. கவ்கபின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக நாலு தடியர்கள் சட்டைக் கையைச் சுருட்டி நின்றார்கள். அவள் வாணலியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரீஹாம், கக்கத்தில் ஊன்றுகட்டை.

ஷேக் ஏழாவது ஆணியை உயர்த்தினான். நானும் கையை உயர்த்தினேன்.

"மௌலானா, ஒரு சந்தேகம். ஆறு ஆணிதானே அவனைப் பிடிச்சு வச்சிருக்கு?"

"ஆறும்தான் ஹாஜியாரே."

"ஒண்ணை உருவினா?"

"ஒண்ணை உருவினா" என்றான் மைக்கில், குரலை நடுங்கவிட்டு, "பத்து எண்ணுறதுக்குள்ள இந்த முக்குல ரத்தம் ஓடும்."

"எண்ணுங்க" என்றேன். பையிலிருந்த ஆறையும் கினாவியின் டீத்தட்டில் கொட்டினேன். நல்ல சத்தம். "செவ்வாய்க்கிழமையே உருவிட்டேன். மூணு நாளா நீங்க எல்லாரும் முத்தம் குடுத்தது ஓட்டைக்கு."

பந்தலில் எல்லாரும் தங்கள் விரலைப் பார்த்துக்கொண்டார்கள். இதோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஜனங்களைப் பற்றி எனக்கும் கொஞ்சம் மூடநம்பிக்கை இருந்திருக்கிறது.

ஷந்தவீல் கண்ணை மூடினான். திறந்தான். "ஆணி வந்துருச்சு. ஆணியோட ஓதல் மண்ணுல தங்கிருச்சு."

"அப்படிச் சொல்லுங்க மௌலானா" என்று கூட்டம் மூச்சு விட்டது. சிலிர்த்த அம்மாள் என்னைப் பார்த்து, "அதான் ஓட்டையைத் தொட்டாலும் சிலிர்த்துச்சு" என்றாள்.

என்ன செய்வது? உருவின ஆணியைத் தட்டோடு அவனிடமே நீட்டினேன். "தப்புப் பண்ணிட்டேன். உங்க கையாலயே திரும்ப அடிச்சிருங்க. ஏழையும்."

அடித்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அடித்தான். ஏழாவது மட்டும் கல்லில் இடித்துப் பாதி வெளியே நின்றது. கூட்டத்தின் அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அப்போது இன்ஜினியரம்மா கேட்டாள், ரொம்ப மரியாதையாக: "இப்ப ஏழும் இறங்கியாச்சு. இனிமே இந்தத் துணிக்கு வேலை இல்லையே?"

ஷேக் என்ன சொல்வான்? என் ஓதலுக்குத் துணி முட்டுக்கொடுக்கிறது என்பானா? "துணி என்ன துணி" என்றான். வஹ்பா அதற்காகவே காத்திருந்தவன். சாயங்காலம் ஒரு சாவு வீட்டுக்கு அவன் பந்தல் போட்டாக வேண்டும். செத்தவன் காத்திருந்தாலும் சொந்தக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். பத்தே நிமிஷத்தில் கம்பும் துணியும் லாரியில் ஏறிவிட்டன. அகல ரோடு பல்லைக் காட்டிக்கொண்டு திறந்து கிடந்தது.

"மௌலானா" என்றேன், "ரீஹாம் அடிபட்ட இடத்துல ஒரு நிமிஷம் நின்னு துஆ செய்யுங்களேன். பேய்தான் கட்டுப்பட்டுருச்சே. கண்ணை மூடிக்கிட்டே நிக்கலாம்."

"வேண்டாம், யாரும் ரோட்டுல நிக்காதீங்க" என்றாள் இன்ஜினியரம்மா. நிஜமாகவே பயந்து சொன்னாள்.

ஷேக்குக்கும் அதே கருத்துதான். ஆனால் அவனை நம்பாத நாங்கள் விட்டாலும் நம்புகிறவர்கள் விடவில்லை. "நில்லுங்க மௌலானா! இந்தக் கெழவன் பாக்கட்டும்!" என்று அன்போடு பிடித்து நடுரோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தாங்கள் மட்டும் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். பக்தியிலும் ஒரு ஜாக்கிரதை இருக்கிறது பாருங்கள்.

ஷேக் கையை ஏந்தினான். கண்ணை மூடினான். ஒரு கண்ணைத்தான் மூடினான்.

நான் காதால்தான் முதலில் பார்த்தேன். ஆலைக்குப் பின்னால் ஒரு மைக்ரோபஸ். மூன்றாவது கியர். இறங்கவில்லை. இறங்கவே இல்லை. அகலத்தைப் பார்த்துவிட்டான், எவன் இறக்குவான்?

"யா ஸாத்திர்! காப்பாத்துறவனே!" என்று நூறு வாய் கத்தியது.

ஷேக் கத்தவில்லை, பறந்தான். தலைப்பாகை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அவன் வந்து விழுந்த இடம் கவ்கபின் வண்டி. மாவுப் பாத்திரத்துக்குள் முழங்கைவரை இரண்டு கையும். தாடி முழுக்கப் பச்சை. பேயை எழுப்புகிற அதே மாவு அவனைக் காப்பாற்றியது.

பிரேக் முக்கு முழுக்கக் கதறியது. மைக்ரோபஸ் ஷேக் நின்ற இடத்தைத் தாண்டி ஆணிகளின் மேல் போய் நின்றது. புஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஏழு ஆணியில் பாதி நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒரே ஆணி, தன் வாழ்நாளில் ஒரே ஒரு வேலை செய்தது. முன் டயரைப் பஞ்சராக்கியது.

டிரைவர் இறங்கினான். டயரைப் பார்த்தான். "எவன்டா ரோட்டுல ஆணி அடிச்சது?"

கூட்டம் ஒரே விரலாக ஷேக்கைக் காட்டியது. எவ்வளவு சீக்கிரம் என்கிறீர்கள்.

"உன் தாயத்து வாங்கி மாட்டினேனேடா" என்று டிரைவர் உள்ளே கைவிட்டு, கண்ணாடியில் தொங்கின நீல நூலை அறுத்து ஷேக்கின் பச்சைத் தாடியில் எறிந்தான். அது மாவில் ஒட்டிக்கொண்டது.

"அவன் ஏழு ஆணியையும் தள்ளிட்டு வந்துட்டான்" என்று ஷேக் ஆரம்பித்தான். "இப்ப ஒன்பது…"

"கினாவி அண்ணே, உங்க நாற்காலிங்க வேணும்" என்று குறுக்கே சொன்னாள் இன்ஜினியரம்மா.

டயர் போன வண்டியை ஆட்கள் ஓரம் தள்ளினதும், பந்தல் நின்ற அதே வளைவில் அவள் சுண்ணாம்பால் கோடு கிழித்தாள். அதன் மேல் டீக்கடை மர நாற்காலிகளை வரிசையாக வைத்தோம். பதினெட்டு நாற்காலி. எங்கள் ஊரில் கார் நிறுத்த இடம் பிடிக்க ஆளாளுக்கு வாசலில் நாற்காலி போடுகிறோம். ஒரு உயிருக்கு இடம் பிடிக்கப் போட்டது அன்றுதான். ஆணிகளை நான் மறுபடி உருவித் தட்டில் போட்டேன், எல்லாரும் பார்க்க.

அடுத்த மைக்ரோபஸ் வந்தது. மூன்று. இரண்டு. "எந்த முட்டாள் ரோட்டுல நாற்காலி போட்டான்" என்று தலையை நீட்டித் திட்டினான். ஒன்று. திட்டிக்கொண்டே நடை வேகத்தில் திருப்பினான். அடுத்தவனும் திட்டினான், மெதுவாகத் திருப்பினான். சாம்பிராணி இல்லை, ஓதல் இல்லை.

"பந்தல்தான்" என்றான் வஹ்பா லாரியிலிருந்து, ஏதோ அவனே கண்டுபிடித்த மாதிரி. "இவ்வளவு நாளா என் பந்தல்தான்யா காப்பாத்திருக்கு."

ஷேக்கும் மச்சானும் எப்போது நழுவினார்கள் என்று தெரியாது. பச்சை மாவுச் சொட்டு பஸ் நிலையம் வரைக்கும் போயிருந்தது.

கவ்கப் எழுந்தாள். ரீஹாமின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலி வரிசையின் நுனிவரை போனாள். நின்றாள். ஒரு மைக்ரோபஸ் வந்து, தயங்கி, நின்றது. டிரைவர் கையைக் காட்டினான், போ என்று. ஊன்றுகட்டை டக் டக்கென்று தாரில் ஒலிக்க இருவரும் கடந்தார்கள். அந்தப் பக்கம் போனதும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப என் எண்ணெய் இல்ல?"

"இல்லம்மா. பதினெட்டு நாற்காலி அடைச்ச அந்த அகலம்தான். போய் அடுப்பைப் பத்த வை. அந்த ஷேக் கைய விட்ட மாவைக் கொட்டிட்டு வேற அரை."

அன்று சாயங்காலம் டீக்கடையிலேயே எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முதலில் போட்டது கினாவி. கார் நிறுத்தும் பிரச்சினையை மறந்தே போனான். நாற்காலி திரும்பக் கிடைத்தால் போதும் அவனுக்கு.

குளிர்காலத்துக்குள் நடைபாதை வந்துவிட்டது. மூலை பழையபடி பெட்டி மாதிரி. கடக்கிற இடம் ஒரு சாண் உயரம். கவ்கபின் வண்டி அதே ஆறடியில்தான் நிற்கிறது.

திறப்பு விழாவைப் பார்க்கப் போனேன். போயிருக்கக் கூடாது.

புது நடைபாதை விளிம்பில் ஒரு ஆட்டை அறுத்திருந்தார்கள். காயாத சிமெண்டில் ரத்தக் கை அச்சுகள், கண் படாமல் இருக்க. புதுக் கம்பத்தில் நீல மணி. சிலிர்த்த அம்மாள் தன் பேரப் பிள்ளையை இன்ஜினியரம்மாவிடம் நீட்டி, "ஒரு தடவை தலையைத் தொடு தாயி, உன் கை ராசியான கை" என்று கெஞ்சினாள். நிர்மீன் சுண்ணாம்புக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள். அவள் கிழித்த கோட்டிலிருந்து யாரோ சுண்ணாம்பைச் சுரண்டிப் பொட்டலம் கட்டியிருக்கிறார்கள், காய்ச்சலுக்கு நல்லதாம்.

டீக்கடையில் உட்காரப் போனால் கினாவி தடுத்தான்.

"ஹாஜியாரே, இந்தப் பக்கம் ஸ்டூல்ல உக்காருங்க. அந்தப் பதினெட்டு நாற்காலிக்கு இப்ப டீ ரெட்டை விலை. வெளியூர்லருந்து வந்து உக்காந்து பாக்குறாங்க. பேயை ஓட்டின நாற்காலி."

"நாற்காலி எந்தப் பேயையும் ஓட்டல கினாவி. ரோட்டைச் சுருக்குச்சு."

"அதான் நானும் சொல்றேன். சாதா நாற்காலிக்கு அந்த சக்தி வருமா?"

பிள்ளைகளுக்கு, ரோட்டில் இறங்கும் முன் இரண்டு பக்கமும் பார் என்று சொல்லித் தருகிறோம். ஒருவன் பேச்சில் இறங்கும் முன்னும் அப்படியே பார்க்க யார் சொல்லித் தருவது? நம்புகிறதற்கு முன்னால் இடது பக்கம் ஒரு கேள்வி, வலது பக்கம் ஒரு கேள்வி. அதற்குத் தலைப்பாகையும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். கழுத்துக்கு மேலே திரும்புகிற மாதிரி ஒரு தலை இருந்தால் போதும்.

டீ வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். ரோட்டைக் கடக்கிற புது மேட்டில் ஏறினேன். நல்ல வேலைதான், மேடு சரியாகத்தான் இருக்கிறது, இன்ஜினியரம்மா பொய் சொல்லவில்லை. அவளையும் நான் முழுசாக நம்பிவிடவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். பின்னால் யாரோ, "ஹாஜியாரே, இப்பப் பயமில்ல, தாராளமாப் போங்க" என்றார்கள்.

மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு நடந்தேன்.